லென்ஸ் திறக்கவில்லை என்று விற்கப்பட்ட கேமரா

கடைக்காரர் கேமராவை மேசைமேல் வைத்துப் பவர் பட்டனை அழுத்திக் காட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. மெமரி கார்டு இல்லை என்று ஒரு வரி வந்தது. லென்ஸ் மட்டும் உள்ளேயே கிடந்தது. “லென்ஸ் திறக்கலை சார், மோட்டார் போயிருக்கும். பார்ட்ஸுக்கு வேணும்னா எடுத்துக்குங்க” என்றார். ஐந்நூறு சொன்னார், பேரம் பேசி நானூறுக்கு வாங்கி வந்தேன். கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ், 2008 தொடக்கத்தில் வந்த மாடல்.

வீட்டில் கார்டைப் போட்டு ஆன் செய்தேன். அப்போதும் லென்ஸ் அசையவில்லை. கேமராவைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்பக்க மேல்வரிசையில் இருந்த ஒரு குட்டிச் சுவிட்ச் கண்ணில் பட்டது. ஒரு முனையில் கேமரா படம், இன்னொரு முனையில் முக்கோணம். சுவிட்ச் முக்கோணத்தின் பக்கம் நின்றிருந்தது. நகத்தால் தள்ளினேன். சர்ரென்று லென்ஸ் வெளியே வந்தது.

மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. எடுத்த படங்களைப் பார்க்கும் நிலையில் யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நிலையில் ஆன் செய்தால் லென்ஸுக்கு வெளியே வர வேலையில்லை, அதனால் வரவில்லை. கார்டும் இல்லாததால் பழைய படம் எதுவும் திரையில் வரவில்லை. வந்திருந்தால் கடைக்காரருக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். பழுதே இல்லாத ஒரு கருவி பழுதென்று முத்திரை குத்தப்பட்டுப் பார்ட்ஸ் பெட்டிக்குப் போயிருந்தது.

கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களின் கை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துக் குறிப்பெழுதுவது என் பிழைப்பு. இதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. படத்தின் தரத்தை அளந்து பார்த்த சோதனைகள் அந்தக் காலத்திலேயே நிறைய வந்துவிட்டன, அது என் கவலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரிடம் கேமராவைக் கொடுத்தேன். அம்மா, வயது அறுபத்தேழு, ஒரு காலத்தில் ஃபிலிம் கேமராவில் எங்களை எடுத்துத் தள்ளியவர். அக்கா மகன், காலேஜ் இரண்டாம் வருஷம், ஃபோனைத் தவிர வேறு எதிலும் படமெடுத்ததில்லை. மூன்றாமவர் பக்கத்துத் தெரு ஸ்டுடியோக்காரர், முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் படமெடுப்பவர்.

வேலைகள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் என்னை எடுக்க வேண்டும். பூஜையறைக் குத்துவிளக்கை ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒன்றை அழித்து, மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும். மேனுவல் கிடையாது, நான் வாய் திறக்க மாட்டேன். மூன்று பேரை வைத்துச் சதவீதக் கணக்கெல்லாம் போட முடியாது. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுக்கி விழுந்தால் அங்கே கல் இருக்கிறது என்று அர்த்தம்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. படத்தைப் பதிவுசெய்ய எட்டு மெகாபிக்சல் சிசிடி சில்லு, நான்கு மடங்கு ஜூம், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் லென்ஸ், 2.5 அங்குலத் திரை, இரண்டு பென்சில் செல். கேனானின் ஏ வரிசை அப்போது அந்தக் கம்பெனியின் மலிவு வரிசை. இதன் கூடப் பிறந்தவை இரண்டு. ஏ580இல் ஷட்டர் நேரத்தையும், வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரையும் கையால் வைக்கும் வசதி கிடையாது. ஏ470இல் அதோடு கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரும் கிடையாது. விலை குறையக் குறைய எந்தெந்தப் பொத்தானைக் கழற்றினார்கள் என்று பார்த்தாலே, யாருக்கு எது வேண்டாம் என்று நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

கையில் பிடிப்பது

இந்த விலைக்கு இது ஆச்சரியமான பிடிப்பு. காரணம் அழகுணர்ச்சி இல்லை, பென்சில் செல். இரண்டு செல்லை எங்கேயாவது வைத்தாக வேண்டும், வலப்பக்கம் அடுக்கினால் அங்கே உடம்பு புடைக்கும். அந்தப் புடைப்பில்தான் நம் மூன்று விரல்கள் போய் உட்காருகின்றன. தட்டையான லித்தியம் பேட்டரி போட்ட ஒல்லிக் கேமராக்களை விரல் நுனியால் கிள்ளித்தான் பிடிக்க வேண்டும், இதை உள்ளங்கையால் பிடிக்கலாம். அம்மா வாங்கியதும் “கனமா இருக்கு, நல்லா இருக்கு” என்றார். கனம் அவருக்குக் குறையாகப் படவில்லை.

செல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. முதலில் சுவர்க் கடிகாரத்தில் இருந்து கழற்றிய சாதாச் செல்லைப் போட்டுப் பார்த்தேன். கடிகாரத்துக்கு ஒரு வருஷம் ஓடக்கூடிய செல், கேமராவில் லென்ஸ் வெளியே வருவதற்குள்ளேயே பேட்டரியை மாற்று என்றது. மோட்டாரும் ஃப்ளாஷும் ஒரே மூச்சில் இழுக்கும் மின்சாரத்தை அந்தச் செல்லால் தர முடியாது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டபின் பிரச்சினை இல்லை. ஃப்ளாஷ் அடித்தபின் மறுபடி சார்ஜ் ஏறும்வரை திரை இருட்டாகிவிடுவதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த இருட்டில் குழந்தைகள் அசைந்துவிடுவார்கள்.

செல்லும் கார்டும் அடியில் ஒரே கதவுக்குள். ஸ்டாண்டில் மாட்டினால் இரண்டையும் எடுக்க முடியாது. செல்லின் ஸ்பிரிங் உள்ளிருந்து எப்போதும் தள்ளிக்கொண்டிருக்க, பிளாஸ்டிக் கொக்கி ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காசு மிச்சம் பிடித்த இடங்களில் எனக்கு மனசு ஒப்பாதது இது ஒன்றுதான்.

பாதி அழுத்தம்

ஷட்டர் பட்டனைச் சுற்றி ஜூம் வளையம். இடது பக்கம் தள்ளினால் காட்சி விரியும், வலது பக்கம் தள்ளினால் கிட்டே வரும், விட்டால் நடுவுக்கே வந்துவிடும். எடுத்த படத்தைப் பார்க்கும்போதும் இதே வளையம்தான். வலது பக்கம் தள்ளினால் படம் பெரிதாகும், இடது பக்கம் தள்ளினால் சின்னச் சின்னதாக ஒன்பது படங்கள் வரும். விரல் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இரண்டு இடத்திலும் செல்லுபடியாகிறது. ‘பெரிதாக்கிப் பார்’ என்ற வேலையை மூன்று பேருமே யோசிக்காமல் முடித்தார்கள். அக்கா மகன் மட்டும் முதலில் திரையை இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

ஷட்டர் பட்டனுக்கு இரண்டு படிகள். பாதி அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும், முழுக்க அழுத்தினால் படம். ஃபோகஸ் கிடைத்தால் இரண்டு முறை ‘பீப்’. கிடைக்காவிட்டால் ஒரு முறை. வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி விளக்குகள். மேல் விளக்கு பச்சையாக நின்றால் எடுக்கலாம், ஆரஞ்சாக நின்றால் ஃப்ளாஷ் அடிக்கும், ஆரஞ்சு சிமிட்டினால் வெளிச்சம் போதாது, கை ஆடும். கீழ் விளக்கு மஞ்சளாகச் சிமிட்டினால் ஃபோகஸ் சிக்கவில்லை. திரையைப் பார்க்காமலே இத்தனையும் தெரிந்துகொள்ளலாம்.

மலிவுக் கேமராவில் இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் திரையை நம்ப முடியாது. அந்தத் திரையில் 1,15,000 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று புள்ளி சேர்ந்தால்தான் ஒரு பிக்சல், ஆக 38,000 சொச்சம் பிக்சல். படத்தில் இருப்பதோ 80 லட்சம். திரையின் ஒவ்வொரு பிக்சலும் படத்தின் இருநூறு பிக்சலுக்கு ஒற்றைப் பிரதிநிதியாக நிற்கிறது. இருநூறு பேர் பேச்சை ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? எல்லாப் படமும் தெளிவாக இருப்பதுபோலவே தெரியும். கலங்கிய படத்தைக் கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான் கலங்கியதே தெரியவரும். அந்த ஒற்றைப் பீப் மட்டுமே அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்கிறது.

அக்கா மகன் பாதி அழுத்தத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. ஃபோன் பழக்கத்தில் ஒரே அமுக்காக அமுக்கினான். குத்துவிளக்கின் ஐந்து படங்களில் மூன்று கலங்கல். அம்மாவும் அமுக்கத்தான் செய்தார், ஆனால் அவர் விரல் மெதுவாக இறங்குகிற விரல், நடுவில் பீப் கேட்டதும் தானாக நின்றது. “என்னமோ சொல்லுதுடா” என்றார். ஆமாம், சொல்கிறது.

ஸ்டுடியோக்காரர் விஷயம் வேறு. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன், அப்படியே எடுத்தால் என் முகம் கரிக்கட்டை. அவர் மெனு எதையும் தொடவில்லை. கேமராவைப் பக்கத்தில் இருந்த இருண்ட புத்தக அலமாரிப் பக்கம் திருப்பிப் பாதி அழுத்தினார், அந்த வெளிச்ச அளவு பூட்டிக்கொண்டதும் விரலை எடுக்காமல் என்மேல் திருப்பி முழுக்க அழுத்தினார். முகம் தெரிந்தது, ஜன்னல் வெளுத்துப்போனது, அது போகட்டும். அலமாரியும் நானும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்ததால் ஃபோகஸும் சரியாக அமைந்தது. ஃபிலிம் காலத்து வித்தை. நானூறு ரூபாய்க் கேமரா அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

வ்யூஃபைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது காட்டுவது படத்தின் எண்பது சதவீதம் போலத்தான், கிட்டத்தில் வைத்து எடுத்தால் குறி தவறும். ஆனாலும் அம்மா ஆன் செய்ததும் கண்ணை அங்கேதான் வைத்தார், முழங்கை தானாக விலாவில் ஒட்டியது, கை ஆடவில்லை. ஜூமை முழுக்க இழுத்தால் லென்ஸின் எஃப் எண் 2.6இலிருந்து 5.5க்குப் போய்விடும் (எண் கூடினால் வெளிச்சம் குறையும்), உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. அப்போது விலாவில் ஒட்டிய முழங்கைக்குத் தனி மதிப்பு உண்டு.

டயலில் டிவி

மேலே ஒரு சுழலும் டயல். ஆட்டோ, முகம், இயற்கைக் காட்சி, வீடியோ என்று படங்கள், கூடவே பி, டிவி, ஏவி, எம் என்று எழுத்துகள். டயல் என்பதே நல்ல யோசனை. கேமரா எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆன் செய்யாமலே கண்ணால் பார்க்கலாம், கையால் தடவியும் ஓரளவு சொல்லலாம்.

எழுத்துகளில்தான் சிக்கல். அக்கா மகன் டிவியில் வைத்துவிட்டு, “இதுல டிவில போட்டுப் பாக்கலாமா மாமா?” என்றான். சிரித்துவிட்டேன், பிறகுதான் அவன் பக்கம் நியாயம் இருப்பது உறைத்தது. டிவி என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் சுருக்கம், ஏவி என்பது அப்பர்ச்சரைக் குறிப்பது. ஆனால் அதே கேமராவின் பக்கவாட்டில், டிவியில் இணைக்கும் ஒயருக்கான துளைமேல் ‘ஏ/வி அவுட்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் ஏ/வி என்றால் டெலிவிஷன், இன்னொரு பக்கம் ஏவி என்றால் வேறு ஏதோ. விலை அதிகமான கேமராக்களில் இருந்து அப்படியே இறங்கி வந்த எழுத்துகள் இவை, அந்த உலகத்தில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். முதல் கேமரா வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

சுழற்றி மதிப்பை மாற்றத் தனிச் சக்கரமும் கிடையாது. அம்புக்குறிப் பொத்தான்களே ஷட்டருக்கும் அப்பர்ச்சருக்கும். இரண்டையும் நாமே வைக்கும் எம் நிலையில் எதை மாற்றுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டுடியோக்காரர் இரண்டு முறை முயன்றுவிட்டு, “இதுக்கு ஆட்டோவே மேல்” என்று பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார். கையால் வைக்கும் வசதி இருக்கிறது என்று பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், நாலு படம் எடுத்த பின்னும் அதைத் தேடிப் போவார்களா என்பது சந்தேகம்தான்.

ஆனால் இதைக் கற்றுக்கொள்ளும் மாணவனுக்கு ஏ590 தங்கம். ஷட்டர் நேரம் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று காசு செலவில்லாமல் பார்க்கலாம். ஒரே கருவி கற்கிறவனுக்கு ஒரு முகமும் அவசரத்தில் இருப்பவருக்கு இன்னொரு முகமும் காட்டுகிறது, இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

வேலை செய்யாத பொத்தான்

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன். என் முகம் இருட்டாக வந்ததைப் பார்த்த அக்கா மகன் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானைச் சரியாகவே கண்டுபிடித்தான். அதுதான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான். அழுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தமாக அழுத்தினான். நகத்தால் குத்தினான். “பட்டன் போயிருச்சு மாமா.”

போகவில்லை. டயல் ஆட்டோவில் இருந்தது. ஆட்டோவில் அந்தப் பொத்தானுக்கு வேலை கிடையாது. ஷட்டரையும் அப்பர்ச்சரையும் கேமராவே பார்த்துக்கொண்டு மற்றதை நம்மிடம் விடும் பி நிலைக்குத் திருப்பினால் உடனே உயிர் வந்துவிடும்.

ஒரே வாரத்தில் இது இரண்டாவது பொய்ப் பழுது. கடைக்காரருக்கு லென்ஸ், இவனுக்குப் பொத்தான். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். ஒரு பொத்தானின் பலன் வேறொரு சுவிட்சின் நிலையைப் பொறுத்து இருக்கிறது, ஆனால் கேமரா அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. படத்தைப் பற்றி இந்தக் கேமரா நிறையப் பேசுகிறது: பீப், பச்சை, ஆரஞ்சு, மஞ்சள். தன்னைப் பற்றிக் கேட்டால் ஊமை. ‘இப்போது நான் ஆல்பம், அதனால் லென்ஸ் வராது’ என்று ஒரு வரி, ‘ஆட்டோவில் இது மாறாது’ என்று ஒரு வரி. அந்த விலையிலும் அந்தத் திரையில் இதற்கு இடம் இருந்தது. மெமரி கார்டு இல்லை என்று சொல்லத் தெரிந்த கருவிதானே.

சுவிட்ச் என்ற யோசனையைக் குறை சொல்லவில்லை. விரலால் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தும் சுவிட்ச், நிலையைக் கண்ணுக்குக் காட்டும். ஆனால் அந்த நிலை பவர் பட்டனின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது, பவர் பட்டன் மேலே இருக்கிறது, சுவிட்ச் பின்னால் இருக்கிறது. ஆன் செய்கிறவர் பார்ப்பது முன்னால் இருக்கும் லென்ஸை. பின்னாளில் பல கேமராக்களில் இந்தச் சுவிட்ச் போய், படம் பார்க்கத் தனிப் பொத்தான் வந்தது. ஷட்டரைத் தொட்டாலே படமெடுக்கும் நிலைக்குத் திரும்பிவிடும். அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இந்த வகையில் சுவாரசியமானது டயலில் உள்ள ஈஸி நிலை. அங்கே பெரும்பாலான பொத்தான்கள் செத்துவிடும், எதை அழுத்தினாலும் கேமரா கண்டுகொள்ளாது. கேட்டால் என் வாதத்துக்கு எதிரான சாட்சி மாதிரி இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு அதில்தான் நிம்மதி. காரணம், அந்த நிலைக்கு அவரே போனார். நாமே பூட்டிய கதவு திறக்காவிட்டால் யாரும் ஆசாரியைக் கூப்பிடுவதில்லை.

நல்ல இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

பின்பக்கத்தில் தனியாக ஒரு பொத்தான், அதிலேயே நீல விளக்கு. முக்கியமான பொத்தான் என்று யாரும் நினைப்பார்கள். அது பிரிண்ட் போடுவதற்கு. 2003இல் பிக்ட்பிரிட்ஜ் என்ற பொது ஏற்பாடு வந்தது, கம்ப்யூட்டர் இல்லாமல் கேமராவை நேரடியாகப் பிரிண்டரில் இணைக்கலாம். கேனான் கேமராவும் விற்கிறது, பிரிண்டரும் விற்கிறது, ஆகவே பொத்தானுக்கு விளக்கு கிடைத்ததில் வியப்பில்லை. என் மூன்று பேரில் யாரும் அதைத் தேடவில்லை, மூன்று பேரும் தொட்டுப் பார்த்தார்கள். படமெடுக்கும்போது அந்தப் பொத்தானுக்கு வேறு வேலை ஒதுக்கிக்கொள்ள மெனுவில் வழி இருக்கிறது, ஆனால் மெனுவுக்குள் அவ்வளவு தூரம் போகிறவருக்கு அந்தப் பொத்தானே தேவையில்லை.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானோ, படம் பார்க்கும்போது அழிக்கும் பொத்தானாக மாறிவிடும் இரட்டை வேலைக்காரன். அம்மா அதை அழுத்தத் தயங்கியதற்குக் காரணம் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டிப் படம். “அழிஞ்சிருமோன்னு தொடலை.”

லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, கழற்ற முன்னால் கடுகு மாதிரி ஒரு பொத்தான். கழற்றினால் அடாப்டர் மாட்டி வேறு லென்ஸ் சேர்க்கலாம். இந்த விலையில் இப்படி ஒரு வாசல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது, யாருமே நுழையாவிட்டாலும்.

கை இல்லாமலும் இந்தக் கேமராக் குடும்பம் படமெடுத்திருக்கிறது. 2009 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் ஆலிவர் யே, ஜஸ்டின் லீ இருவரும் இதன் தங்கையான ஏ470ஐத் தெர்மாக்கோல் பெட்டியில் வைத்துப் பலூனில் கட்டி அனுப்பினார்கள். மொத்தச் செலவு 150 டாலருக்குள். 90,000 அடிக்கும் மேலே போய்ப் பூமியின் வளைவைப் படமெடுத்துத் திரும்பியது. குளிரில் பேட்டரி சாகாமல் இருக்க உள்ளே கை சூடாக்கும் பொட்டலங்கள். ஷட்டரை அழுத்தியது சிஹெச்டிகே என்னும் இலவச மென்பொருள். மெமரி கார்டில் இருந்தே ஓடும், கம்பெனி கொடுத்ததைத் தொடாமல் மேலே ஒரு அடுக்காக உட்கார்ந்துகொள்ளும். ஏ590க்கும் அது உண்டு. பேட்டரி இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது போன்ற, கேமரா தானாகச் சொல்லாத பல சங்கதிகளை அது திரையில் கொட்டிவிடும்.

மறுவாரம் கடைக்கு ஏ590ஐ எடுத்துப் போனேன். சுவிட்சைத் தள்ளி லென்ஸை வெளியே வரவைத்துக் காட்டினேன். கடைக்காரர் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “நானூறுக்குக் குடுத்துட்டேனே” என்றார். பிறகு பார்ட்ஸ் பெட்டியை இழுத்து, லென்ஸ் திறக்காத வேறொரு கேமராவை எடுத்து, அதன் பின்பக்கச் சுவிட்சைத் தேடிப்பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலைந்து தடவை தள்ளினார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

“இது நிஜமாவே போயிருச்சு சார்.”